சவுண்ட் இன்ஜினியர் ஆக ஆறு லட்சம் கட்டிப் படிப்பதா, ஸ்டூடியோவில் அசிஸ்டென்டாகச் சேர்வதா?

#1 வலந்தலை (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 21 வயது. பி.எஸ்சி. இயற்பியல் இந்த வருடம்தான் முடித்தேன். எட்டு வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன், பக்கத்து ஊர்க் கோயில்களில் பக்கவாத்தியமாக வாசித்தும் இருக்கிறேன். ஆனால் மனது ஒலிப்பதிவில்தான் இருக்கிறது. கச்சேரி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போகும்போது நான் மைக்செட் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். எந்தத் திருகைத் திருப்பினால் எது மாறுகிறது என்று பார்ப்பதற்காகவே.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோ இருக்கிறது. கட்டணம் ஆறு லட்சம், விடுதிச் செலவு தனி. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், கடன் வாங்கித்தான் கட்டியாக வேண்டும். இன்னொரு பக்கம், என் குருவுக்குத் தெரிந்தவர் ஒருவர் சாலிகிராமத்தில் சின்ன ஸ்டூடியோ நடத்துகிறார். அசிஸ்டென்டாக வரச் சொல்கிறார். முதல் ஆறு மாதம் சம்பளம் கிடையாது, சாப்பாடும் பேட்டாவும் உண்டு.

வீட்டில் "கையில் ஒரு சர்டிஃபிகேட் வேண்டாமா?" என்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எந்தப் பக்கம் போகட்டும்?

#2 பேட்ச்பே (சென்னை)

தம்பி, நான் 19 வருடமாக ரெக்கார்டிங், மிக்ஸிங் வேலையில் இருக்கிறேன். இதுவரை ஒருவர்கூட என்னிடம் சர்டிஃபிகேட் கேட்டதில்லை. அதற்காகப் படிப்பே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், நானே ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவன்தான். ஆறு லட்சம் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு நேரில் போய் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். ஒரு மாணவன் வாரத்தில் எத்தனை மணி நேரம் தன் கையால் மைக் வைத்து, தன் கையால் பதிவு செய்கிறான்? அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று திருத்துவது யார்? அலுவலகத்தில் இதற்குச் சரியான பதில் வராது. வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போய், அங்கே படிக்கிற பையன்களைக் கேளுங்கள். நான் படித்த இடத்தில் 24 பேருக்கு ஒரு கன்சோல் (ஒலிக்கலவை மேசை). ஒரு வருடத்தில் நான் அதன்முன் உட்கார்ந்தது மொத்தம் பதினொரு நாள். மற்றதெல்லாம் திரையில் படம் காட்டிச் சொன்ன பாடம்.

ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் மூன்று வாரம் நான் செய்தது கேபிள் சுற்றியது மட்டும்தான். எல்லோரும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் கயிறு மாதிரி சுற்றுவார்கள். அப்படிச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கேறி, சில மாதத்தில் கரகரக்க ஆரம்பிக்கும். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பி, மறுபடி நேராக என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். சரியாகச் சுற்றிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினால் முடிச்சே விழாமல் தரையில் நேராக ஓடும். பத்து வயலின்காரர்கள் கால்ஷீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள். இதை எந்த வகுப்பும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, என் தவறு. சேர்ந்து நாலாவது மாதம். வெளியூர் இசையமைப்பாளர் ஒருவர் ட்ராக் அனுப்பியிருந்தார். அது 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், அதாவது ஒரு வினாடி ஒலியை 44,100 முறை அளந்து எழுதிய கோப்பு. எங்கள் செஷன் சினிமாவுக்கானது, 48-ல் திறந்திருந்தது. நான் மாற்றாமல் அப்படியே உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன். நாலு நிமிடப் பாட்டு மூன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, ஐந்து கட்டைப் பாட்டு ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை. பாட வந்த அம்மா சரணத்தில் மேலே போகும் இடத்தில் திணறுகிறார். தொண்டை சரியில்லை போல என்று சொல்லி இரண்டு முறை வெந்நீர் வாங்கிக் குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து என் சீனியர் உள்ளே வந்தார். பத்து வினாடி கேட்டுவிட்டு, "பாட்டு ஏன் ஓடுது?" என்றார். அவ்வளவுதான், அன்றைய பதிவு முழுக்கப் போச்சு. அந்த அம்மா தன் தொண்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார் பாருங்கள், அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுவேன்: சாம்பிள் ரேட், பிட், டெம்போ, கட்டை, தேதி. உங்களிடம் வருபவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் இந்த ஐந்தையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

#3 கீபோர்டு_கரூர்

நான் இதற்கு எதிர்ப்பக்கம். ஆறு லட்சமும் வேண்டாம், சம்பளமில்லாத ஆறு மாதமும் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு நல்ல ஹெட்ஃபோன். இவ்வளவும் சேர்த்து அந்தக் கட்டணத்தில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனியாள் உரிமம் 60 டாலர்தான். பாடம் எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. கரூரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தே குறும்படங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் இசை செய்து கொடுக்கிறேன், மாதம் ஓடுகிறது. சென்னைக்குப் போய் ஒருவர் காலடியில் கிடந்தால்தான் தொழில் வரும் என்ற காலம் போய்விட்டது.

#4 வலந்தலை

நன்றி அண்ணா. பேட்ச்பே அண்ணா, கரூர் அண்ணா சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது? அப்புறம் ஒரு சந்தேகம். நான் எட்டு வருடம் கற்ற மிருதங்கம் இந்த வேலைக்கு எங்காவது உதவுமா, இல்லை அதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

#5 பேட்ச்பே

கரூர் சார் சொல்வதில் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ப்ரோகிராமிங் (கம்ப்யூட்டரில் வாத்திய இசையை அமைப்பது), எடிட்டிங், மிக்ஸிங்கின் அடிப்படை இதையெல்லாம் வீட்டிலேயே கற்கலாம், கற்கவும் வேண்டும். எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிற பையன் மென்பொருளைத் திறக்கத் தெரியாமல் வந்தால் எங்களுக்கும் நேரமில்லை. ஆனால் மாடி அறையில் வராத ஒன்று இருக்கிறது. மைக்குக்கு அந்தப் பக்கம் ஒரு உயிருள்ள மனிதர். அவர் பதற்றமாக இருப்பார், பசியோடு இருப்பார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பார். அவருக்கு ஹெட்ஃபோனில் எதைக் கூட்டி எதைக் குறைத்துக் கொடுத்தால் சுருதி நிற்கும், எப்போது "இன்னொரு டேக்" என்று சொல்லலாம், எப்போது பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்ல வேண்டும், இதெல்லாம் இன்னொருவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மிருதங்கத்தை மறக்கவா? தம்பி, உங்களிடம் இருக்கிற பெரிய முதலே அதுதான். ஒரு நடந்த விஷயம் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு, மே மாதம். ஒரு பக்தி ஆல்பத்துக்கு மிருதங்கம் பதிவு. பல்லவி காலை 11 மணிக்கு, சரணம் சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணிக்கு. இடையில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் திரையில் ஓடும் அலையைப் பார்த்துக்கொண்டு "டேக் ஓகே" என்கிறோம். எங்களிடம் அப்போது ஒரு பையன் இருந்தான், ஊரில் கடம் வாசித்தவன். மூலையில் உட்கார்ந்திருந்தவன் மெதுவாக என்னிடம் வந்து, "அண்ணா, வலந்தலை ஏறியிருக்கு" என்றான். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலைத்தான் சொல்கிறான். பல்லவியையும் சரணத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். உண்மைதான். ஏசிக் காற்றில் தோல் காய்ந்து இறுகி, சுருதி மேலே போயிருக்கிறது. வித்வானும் கேட்டுவிட்டுக் கல்லையும் கட்டையையும் எடுத்து, பின்னலைக் கீழிருந்து தட்டிச் சுருதியைச் சரிசெய்துகொண்டார். அன்று அது பிடிபடாமல் போயிருந்தால் அடுத்த வாரம் வீணை சேர்க்கும்போது மொத்தமாக இன்னொரு கால்ஷீட் போட வேண்டியிருக்கும். அந்தப் பையனுக்கு அதற்கடுத்த மாதத்திலிருந்தே சம்பளம். அவன் காதைப் பழக்கியது ஊரில் அவன் குரு. நாங்கள் கற்றுக் கொடுத்தது மைக் வைப்பதை மட்டும்தான்.

#6 மந்தரம் (சென்னை)

நான் கோரஸ், ட்ராக் பாடுகிறவள். ட்ராக் என்றால், பிறகு வேறு பாடகர் பாடுவதற்காக மாதிரிக்குப் பாடி வைப்பது. 14 வருடம். மேலே எல்லோரும் இன்ஜினியர் பக்கமே பேசுவதால் பாடுகிற, வாசிக்கிற பிள்ளைகளுக்காகவும் கொஞ்சம் எழுதுகிறேன்.

கர்நாடக சங்கீதம் 11 வருடம் கற்றுவிட்டு வந்தேன். முதல் கோரஸ் ரெக்கார்டிங்கில் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஐந்து கோடு போட்ட ஸ்டாஃப் நோட்டேஷன். பக்கத்தில் இருந்த அக்கா பார்த்த உடனே பாடுகிறார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. அவர் பாடியதைக் கேட்டுக் கேட்டு அரை வினாடி பின்னால் பாடினேன். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஐந்து மாதம் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. 27 வயதில் குழந்தைகளோடு உட்கார்ந்து டிரினிட்டியின் மேற்கத்திய இசை கிரேடுத் தேர்வுகளுக்குப் படித்தேன். தமிழ்த் திரையிசையில் இது புதிதும் இல்லை. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் தன் முதல் படத்துக்கு வந்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். ஏ.ஆர்.ரஹ்மானும் 1992-ல் படத்துக்கு வருவதற்கு முன் சிறுவயதிலிருந்தே மற்றவர்களுடைய குழுக்களில் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு இசை செய்து பழகியவர். இருவருமே இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலைப் பார்த்தவர்கள், கூடவே முறையாகப் படித்தவர்கள். அதனால் "படிப்பா, அனுபவமா" என்று எதிரெதிராக வைத்துக் கேட்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பாடுகிறவர்கள் வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். ஒரு ஹெட்ஃபோனை எடுத்து ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறு காதில் உங்கள் குரல் அறையிலிருந்து கேட்க வேண்டும். மெட்ரோனோம் சத்தத்தை ஓட விட்டு, ஒரே வரியை இருபது முறை, இருபது முறையும் ஒரே மாதிரி பாடிப் பதிவு செய்யுங்கள். மூச்சு எடுக்கும் இடம்கூட மாறக் கூடாது. கச்சேரியில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடினால் "சபாஷ்" கிடைக்கும். கோரஸில் அப்படிப் பாடினால் நாலு பேர் குரல் ஒட்டாது. என்னைப் போல் கர்நாடக சங்கீதத்திலிருந்து வருபவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம், கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் பழக்கத்தை, அடக்கி வைப்பது.

பெண் பிள்ளைகளுக்கு: இரவு ரெக்கார்டிங் என்றால் யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், திரும்ப வண்டி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டதற்காக வாய்ப்பு போனால் போகட்டும். நல்ல இடங்களில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

#7 மைக்செட்_மணப்பாறை

தம்பி, உங்களுக்கு ஏற்கனவே மைக்செட் அண்ணன் ஒருவர் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டு ஏன் சென்னையைப் பார்க்கிறீர்கள்? ஸ்டூடியோவில் தப்பு செய்தால் இன்னொரு டேக். எங்கள் வேலையில் இன்னொரு டேக் கிடையாது. எதிரில் ரெண்டாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கை அதனால் சீக்கிரம் பழகும். திருவிழாக் காலம், கல்யாண மாதங்கள் சேர்த்து வருடத்துக்கு 120 நிகழ்ச்சி செய்கிறேன். இரண்டு சீசன் என்னோடு வந்த பையன்கள் இப்போது சென்னையில் பெரிய கம்பெனிகளில் மானிட்டர் இன்ஜினியராக (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்பவர்) இருக்கிறார்கள்.

நீங்கள் இயற்பியல் படித்தவர் என்பதால் சொல்கிறேன், அது அப்படியே இங்கே வேலைக்கு வரும். பெரிய மைதானத்தில் மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைப்போம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடை ஸ்பீக்கரின் சத்தம் அங்கே போய்ச்சேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், 100 மில்லிசெகண்ட். ஆனால் கேபிள் வழியாகப் போவது உடனே போய்விடும். அதனால் பின் ஸ்பீக்கருக்கு அந்த 100-ஐ டிலே கொடுக்காவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். நான் பத்தாவது வரைதான் படித்தேன். இந்தக் கணக்கை எனக்கு ஒரு நாதஸ்வர வித்வானின் மகன் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். அதுவரை காதால் தேடித் தேடித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மானிட்டரை எங்கே வைப்பது என்பதும் அப்படித்தான். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அந்த முதுகுக்கு நேரே மானிட்டரை வைத்தால் ஃபீட்பேக் (அந்தக் கீச்சென்ற ஊளை) அடிக்காது. புதிதாக வரும் பையன்கள் பக்கவாட்டில் வைத்துவிட்டு ஈக்வலைசரில் வெட்டிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் பாடகர் குரலில் உயிரே இருக்காது. முதலில் பெட்டியை நகர்த்து, அப்புறம் திருகைத் தொடு என்று சொல்வேன்.

இன்னொன்றை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராமத்து மேடைகளில் எர்த் சரியாக இருக்காது. கிடார்காரர் கையில் கம்பி இருக்கும், உதடு மைக்கில் படும், சுரீர் என்று இழுக்கும். நான் ஒரு முறை நேரில் பார்த்தேன். பையன் கீழே விழுந்தான், உயிர் பிழைத்தது தெய்வ புண்ணியம். அதிலிருந்து சவுண்ட் செக்குக்கு முன்னால் மல்டிமீட்டரின் ஒரு முனையை மைக் வலையிலும் மறு முனையைக் கிடார் கம்பியிலும் வைத்துப் பார்க்காமல் யாரையும் மேடையேற விடுவதில்லை. ஜெனரேட்டர் மாற்றினால் திரும்பவும் பார்ப்பேன்.

அப்புறம் காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்று ஒரு கணக்கு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா மேடை பக்கத்தில் 100 சர்வசாதாரணம். எனக்கு 46 வயது, இடது காதில் இரவெல்லாம் ஒரு ரீங்காரம். முதல் நாளிலிருந்தே காதடைப்பான் போடுங்கள்.

#8 மேலூர்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள், அவளுக்கும் இதே ஆசை. தனியார் கட்டணம் எங்களால் முடியாது. அரசாங்கத்தில் இதற்குப் படிப்பு உண்டா? பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா?

#9 தரமணி_ஒலி

ஐயா, தாராளமாகச் சேர்க்கலாம். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவுக்கென்றே நான்கு வருட இளநிலைப் படிப்பு உண்டு, பிளஸ் டூ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. நான் அங்கே படித்தவன். ஒரு வகுப்புக்கு இடம் மிகக் குறைவு, அதனால் விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள், நேர்முகத்துக்கும் தயாராக வேண்டும். அங்கே எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி எது தெரியுமா? இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மாணவர்கள் எடுக்கும் குறும்படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒலி செய்ய ஆள் வேண்டும். வகுப்பு முடிந்த பிறகும் வேலை வந்துகொண்டே இருக்கும், யாரும் பணம் கேட்க மாட்டார்கள், தவறு செய்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பட்டம் முடித்தபிறகு என்றால் புனேயில் எஃப்.டி.ஐ.ஐ. (இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம்), கொல்கத்தாவில் சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம். இரண்டிலும் ஒலிக்கு முதுநிலைப் பயிற்சி உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒலிக்கலவைக்காக 2009-ல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர்தான். வலந்தலை தம்பி, நீங்கள் பட்டதாரி என்பதால் உங்களுக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது, யோசியுங்கள்.

மகளுக்குப் பாட்டோ வாத்தியமோ பிடிக்குமென்றால் அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இருக்கின்றன. மேலூரிலிருந்து மதுரை பக்கம்தானே. மாவட்ட இசைப்பள்ளிகளும் உண்டு. அங்கே ஸ்டூடியோ வேலையைச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனால் சுருதியும் தாளமும் உறுதியாக வரும், பேட்ச்பே சொன்ன அந்தக் கடம் பையனின் காது மாதிரி. ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் சென்னையில் இருக்கிறது, மேற்கத்திய இசை, ஹிந்துஸ்தானி, இசைத் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. அது தனியார், செலவையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

#10 பல்லவி_சரணம்

நான் பாடலாசிரியர். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. காகிதம்.

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு, ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை உடையவர்கள். அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதைக் கொடுக்கலாம். நமக்கான சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். அங்கே உறுப்பினராகி ஒவ்வொரு பாடலையும் பதிவு செய்யாவிட்டால் பணம் தானாக வந்து கதவைத் தட்டாது. என் முதல் ஏழு பாடல்களை நான் பதிவு செய்யவே இல்லை, எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சட்டப்படி "நிகழ்த்துவோர்". அவர்களுக்கும் ராயல்டி உரிமை உண்டு, 50 வருடத்துக்கு. பாடகர்களுக்காக 2013-ல் வந்த இஸ்ரா என்ற சங்கம் இப்போது வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்து இசம்ரா என்று இயங்குகிறது. ஒரு நுணுக்கமான இடம் இருக்கிறது, கவனியுங்கள். படத்தில் போகிற போக்கில் வந்து போகும் பங்களிப்பு, வழக்கமாக டைட்டிலில் பெயர் போடப்படாதது என்றால், அவரைச் சட்டம் நிகழ்த்துவோராகக் கொள்ளாது. அதாவது டைட்டிலில் பெயர் வருவது வெறும் மரியாதை மட்டும் இல்லை, உரிமை அதோடும் கட்டப்பட்டிருக்கிறது.

வலந்தலை தம்பி, இதில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. மிருதங்கம் வாசித்தால் நீங்கள் நிகழ்த்துவோர். அதே பாட்டை மிக்ஸ் செய்தால் இல்லை. ஒலிப்பதிவாளருக்குச் சட்டத்தில் ராயல்டி கிடையாது, பேசிய சம்பளம் மட்டும்தான். அதனால் வேலை தொடங்கும் முன்பே எவ்வளவு, எப்போது, எத்தனை முறை திருத்தம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "நாளை ரெண்டு பாட்டு மிக்ஸ், பாட்டுக்கு இவ்வளவு, மூன்று திருத்தம் வரை, பாதி முன்பணம், சரிதானே சார்?" என்று அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கினாலே போதும். பின்னால் பேச்சு மாறாது.

#11 மந்தரம்

பல்லவி_சரணம் சொன்னதற்கு என் அனுபவமே சாட்சி. ஐந்து வருடம் முன்பு ஒரு படத்துக்கு ட்ராக் பாடினேன். "இது ட்ராக்தான், பிறகு வேறு பாடகி பாடுவார்" என்றார்கள், அதற்கான சம்பளம் கொடுத்தார்கள். படம் வந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டாவது சரணம் முழுக்க என் குரல். டைட்டிலில் பெயர் இல்லை. அம்மாவிடம் "இது நான்தான்" என்று சொன்னேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டதற்கு "அப்படி ஒன்றும் பேசவில்லையே" என்றார்கள். என் கையில் ஒரு வரி எழுத்து இல்லை. இப்போதெல்லாம் பாடி முடித்து வெளியே வரும்போதே என்ன பாடினேன், எந்தத் தேதி, எந்தக் குரல் பகுதி என்று செய்தி அனுப்பிவிடுவேன். இன்ஜினியர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கோப்புக்குப் பெயர் வைக்கும்போது "ஃபீமேல் 2" என்று போடாதீர்கள். பாடியவர் பெயரைப் போடுங்கள். கடைசியில் யாருடைய குரல் என்று தேடும்போது அந்தக் கோப்புப் பெயர்தான் சாட்சி சொல்லும்.

#12 கீபோர்டு_கரூர்

மந்தரம் அக்கா, நேற்றே என் பழைய ப்ராஜெக்டுகளைத் திறந்து பார்த்தேன். "ஃபீமேல் 1", "ஃபீமேல் 2", "புல்லாங்குழல் நியூ". நினைவிருக்கிற வரை எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

#13 வலந்தலை

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அந்த நிறுவனத்துக்கு நேரில் போனேன். டீக்கடையில் மூன்று பேரிடம் கேட்டேன். ஒரு பேட்சுக்கு 30 பேர், இரண்டு ஸ்டூடியோ. வாரத்தில் ஒரு முறைதான் கை வைக்கக் கிடைக்கும், அதுவும் ஐந்து பேர் சேர்ந்து. அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கடைக்காரர், உடனே கணக்குப் போட்டுவிட்டார்: ஒருவன் தனியாகக் கை வைக்கும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஆயிரம் ஆகிறது என்று. தொகையைப் பார்த்துவிட்டு அவரே "வேண்டாம்பா" என்றார்.

சாலிகிராமம் ஸ்டூடியோவுக்கும் போனேன். சம்பளமில்லாமல் ஆறு மாதம் முடியாது, மூன்று மாதம் இருக்கிறேன், நாலாவது மாதத்திலிருந்து ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். பல்லவி_சரணம் சார் சொன்ன மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" வாங்கிவிட்டேன். அந்த மூன்று மாதத்துக்கு வீட்டிலிருந்து வாடகை தருகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். புனே நுழைவுத் தேர்வுக்கும் பக்கத்தில் படித்துக்கொண்டிருப்பேன். இடைப்பட்ட நாளில் எங்கள் ஊர் மைக்செட் அண்ணனோடு நாலு திருவிழாவுக்குப் போனேன். மணப்பாறை அண்ணா, டிலே கணக்கை அவருக்குச் சொன்னேன். 28 மீட்டருக்கு 80 மில்லிசெகண்ட் போட்டோம். அண்ணன் பந்தலின் கடைசி வரிசைக்கு நடந்து போய் நின்று கேட்டுவிட்டு, அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை 9 மணிக்கு முதல் நாள். பேட்ச்பே அண்ணா, என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்? ஹெட்ஃபோன் புதிதாக வாங்க வேண்டுமா?

#14 பேட்ச்பே

ஹெட்ஃபோன் அங்கேயே இருக்கும். ஒரு ரோல் மாஸ்கிங் டேப், ஒரு கறுப்பு மார்க்கர், ஒரு சின்ன டார்ச், ஒரு 80 பக்க நோட்டு. கன்சோலில் எந்த ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) யாருடையது என்று டேப் ஒட்டி எழுதுகிற வேலை முதல் நாளே உங்களிடம்தான் வரும். கையெழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கட்டும். ஒன்பது மணி என்றால் எட்டேகாலுக்குப் போய்விடுங்கள், ஏசியை அவர்கள் போடுவதற்கு முன்னால் அறை எப்படி ஒலிக்கிறது என்று ஒரு முறை கைதட்டிக் கேட்கலாம். மிருதங்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.